பாட்டு உள்ளே, பாடினவர் வெளியே

1973 ஆகஸ்டில் மெம்ஃபிஸ் நகரத்தில் லிஸ்ஸி டக்ளஸ் என்கிற கறுப்பினப் பெண்மணி இறந்துபோனார். வயது எழுபதுக்கு மேல். பக்கவாதம் தாக்கி, கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழித்தவர். மிஸிஸிப்பி மாநிலத்துத் தேவாலயம் ஒன்றின் இடுகாட்டில் புதைத்தார்கள். தலைமாட்டில் பெயர் எழுதின கல் கிடையாது. கல் வந்தது 1996-இல். இருபத்து மூணு வருஷம் கழிச்சு. அதற்கும் காசு கொடுத்தது பானி ரெய்ட் என்கிற வெள்ளையினப் பாடகி.

லிஸ்ஸி டக்ளஸ் என்று சொன்னால் இசை கேட்கிறவர்களுக்கே தெரியாது. இசைத்தட்டில் அவர் பெயர் மெம்ஃபிஸ் மின்னி. ஏறக்குறைய இருநூறு பாட்டுகளைப் பதிவு செய்த ப்ளூஸ் பாடகி, கிதார் கலைஞர். அவர் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1971 நவம்பரில், லெட் ஸெப்லின் என்ற இங்கிலாந்து ராக் குழு தன் நான்காவது இசைத்தட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டுமே இரண்டு கோடிக்கு மேல் விற்றதாகச் சான்று பெற்ற தட்டு அது. அதில் வரும் கடைசிப் பாட்டு, மின்னியும் அவருடைய துணைவர் கன்ஸாஸ் ஜோ மக்காயும் 1929-இல் பதிவு செய்தது.

பாட்டு உலகம் பூராவும் போனது. பாடினவர் கல் இல்லாத குழிக்குப் போனார். இந்த இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடக்கிறது? 'திருடிட்டாங்க' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். அது போதாது என்று நினைக்கிறேன். ராக் குழுக்கள் கறுப்பர்களின் பாட்டை எந்த வழியாக எடுத்தன, எந்தச் சட்டம் துணை நின்றது, எடுத்தவர்கள் என்ன மாதிரி மரியாதை காட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் நமக்கு அதில் பாடம் இருக்கும்.

1. கரை உடைந்த கதை

அந்தப் பாட்டின் பெயர் 'வென் த லெவி பிரேக்ஸ்'. லெவி என்றால் வெள்ளம் ஊருக்குள் வராமல் ஆற்றோரம் எழுப்பிய மண்கரை. கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் பாட்டு.

1927 ஏப்ரலில் மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பர்கள், பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்தவர்கள். கரையை உயர்த்த மண்மூட்டை சுமக்கத் துப்பாக்கி முனையில் இழுத்து வரப்பட்டவர்களும் அவர்களே. கிரீன்வில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் தண்ணீருக்கு நடுவே கரைமேட்டில் நின்றார்கள். வந்த நீராவிப் படகுகளில் வெள்ளையர்கள் ஏறிப் போனார்கள். கறுப்பர்களை ஏற்றிப்போக நிலக்காரர்கள் விடவில்லை. கூலி ஆள் ஒருதரம் வெளியூர் போயிட்டா திரும்பி வருவானா? பருத்தி எடுக்க யார் இருப்பா? இதுதான் அவர்கள் கவலை. நிவாரண அரிசி, மாவு வேண்டும் என்றால் உடம்பில் அட்டை கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சுற்றிலும் துப்பாக்கியோடு படைவீரர்கள் காவல்.

வெள்ளமும் ஆள் பார்த்துத்தான் அடிக்கும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. இந்த வெள்ளத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, 1929-இல் மின்னி கிதார் வாசிக்க, ஜோ பாடினார். அலட்டல் இல்லாத பாட்டு. துக்கத்தை ஊதிப் பெருக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல்.

லெட் ஸெப்லின் இதை எப்படி மாற்றியது? வேகத்தைக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்மை வைத்து, மைக்கை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்டது. கூடத்தின் எதிரொலியோடு டிரம் இடி மாதிரி விழுகிறது. நான் இதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளம் வந்து மோதுகிற சத்தம் அதில் இருக்கிறது. மின்னியின் தட்டில் இல்லாத ஒன்றைக் குழு சேர்த்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. அந்த டிரம் அடியையே 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு வெட்டியெடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாக்கியது.

உரிமைப் பட்டியலில் குழுவின் நாலு பேர், ஐந்தாவதாக மெம்ஃபிஸ் மின்னி. பாட்டைப் பாடின ஜோ மக்காயின் பெயர் இல்லை. அவர் 1950-லேயே இறந்துவிட்டார். அரைகுறையாகவாவது பெயர் போட்ட உதாரணம் இது. போடாத கதைகளுக்குப் பிறகு வருகிறேன்.

2. பாட்டுக்கும் தனித் தெரு

அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க இசை வியாபாரத்தில் பாட்டுக்கும் நிறம் உண்டு.

1920-இல் மேமி ஸ்மித் பாடிய 'க்ரேஸி ப்ளூஸ்' தட்டு விற்றுத் தீர்ந்தது. கறுப்பர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதைக் கம்பெனிகள் அப்போதுதான் கண்டுபிடித்தன. உடனே தனி விலைப்பட்டியல், தனி எண் வரிசை. அதற்கு வைத்த பெயர் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள். பில்போர்ட் என்ற இசை வணிகப் பத்திரிகை 1949 வரை கறுப்பர் பாட்டின் விற்பனைப் பட்டியலை இந்தப் பெயரில்தான் வெளியிட்டது. அப்புறம் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று கௌரவமாக மாற்றினார்கள். பெயர்தான் மாறியது, தெரு மாறவில்லை. வெள்ளையர் பட்டியல் தனி, கறுப்பர் பட்டியல் தனி.

இந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் பிறந்த சொல்தான் 'கவர்'. இன்றைக்கு ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடினால் கவர் என்கிறோம். 1950களில் அதற்குக் கூர்மையான வியாபார அர்த்தம் இருந்தது. கறுப்பர் பட்டியலில் ஒரு பாட்டு ஏறுகிறதா? உடனே அதை ஒரு வெள்ளைப் பாடகரைக் கொண்டு பாட வைத்து வெள்ளையர் ரேடியோவில் போடு. 1955-இல் ஃபேட்ஸ் டாமினோ பாடிய 'ஏய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டை அதே வருஷம் பாட் பூன் பாடினார். முதலிடம் பிடித்தது பூனின் தட்டு. லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'க்கும் இதே கதி. பூனின் தட்டுதான் பட்டியலில் மேலே போனது.

ராக் குழுக்கள் வருவதற்கு முன்பே பாதை போட்டாயிற்று. பாட்டு தெரு தாண்டிப் போகலாம். ஆள்தான் தாண்டக் கூடாது.

3. சிகாகோவில் ஒரு கம்பெனி, இங்கிலாந்தில் சில பையன்கள்

தெற்கே பருத்திக் காட்டிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கு நோக்கி ரயிலேறினார்கள். அப்படி 1943-இல் சிகாகோ வந்தவர் மடி வாட்டர்ஸ். ஊரில் டிராக்டர் ஓட்டியவர். நகரத்து மதுக்கடை இரைச்சலில் வெறும் கிதார் எடுபடாது என்று மின்சாரக் கிதாருக்கு மாறினார். ராக் இசையின் சத்தம் என்று நாம் சொல்கிறோமே, அதன் பெரும் பகுதி அந்தக் கடைகளில் பிறந்தது.

இவர்களைப் பதிவு செய்தது செஸ் ரெக்கார்ட்ஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதச் சகோதரர்கள் நடத்திய கம்பெனி. அங்கே பாட்டு எழுதி, டபுள் பாஸ் வாசித்து, ஆள் பிடித்து, எல்லா வேலையும் பார்த்தவர் வில்லி டிக்ஸன். 1915-இல் மிஸிஸிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். குத்துச்சண்டை வீரர். இரண்டாம் உலகப் போரில், தன் மக்களை இழிவாக நடத்தும் நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொல்லிச் சிறை போனவர். மடி வாட்டர்ஸுக்கு 'ஹூச்சி கூச்சி மேன்', ஹவ்லின் உல்ஃபுக்கு 'ஸ்பூன்ஃபுல்', 'பேக் டோர் மேன்' என்று எழுதிக்கொடுத்தவர் இவர்.

1961 அக்டோபரில் இங்கிலாந்தின் டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் பழைய பள்ளித் தோழன் மிக் ஜாகரைப் பார்த்தார். ஜாகர் கையில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் தட்டுகள். அங்கே தொடங்கிய நட்புதான் ரோலிங் ஸ்டோன்ஸ். குழுவின் பெயரே மடி வாட்டர்ஸ் 1950-இல் பாடிய பாட்டின் பெயர். 1964 ஜூனில் அவர்கள் சிகாகோ போய் செஸ் ஸ்டுடியோவிலேயே பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்தின் விலாசத்தையே, 2120 சவுத் மிச்சிகன் அவென்யூ என்று, ஒரு வாத்திய இசைக்குப் பெயராக வைத்தார்கள். டிக்ஸனின் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டை எடுத்து 1964 டிசம்பரில் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். 1966-இல் க்ரீம் குழு 'ஸ்பூன்ஃபுல்' வாசித்தது. 1967-இல் டோர்ஸ் குழு 'பேக் டோர் மேன்' பாடியது. இவற்றிலெல்லாம் டிக்ஸன் பெயர் இருந்தது.

இந்தப் பையன்களின் ஈர்ப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் தங்கள் மனசில் இருந்ததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் மிஸிஸிப்பியில் கிடைத்தது. சிக்கல் ஈர்ப்பில் இல்லை. கணக்கில் இருக்கிறது.

4. ஒரு பாட்டு கை மாறிய கணக்கு

1962-இல் டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடியது 'யூ நீட் லவ்'. 1966-இல் ஸ்மால் ஃபேஸஸ் என்ற இங்கிலாந்துக் குழு அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு 'யூ நீட் லவிங்' என்று வெளியிட்டது. எழுதியவர்கள் என்று குழுவின் இரண்டு பேர் பெயர். 1969-இல் லெட் ஸெப்லின் தன் இரண்டாவது தட்டில் 'ஹோல் லாட்டா லவ்' வெளியிட்டது. கிதார் மீட்டு அவர்களுடையது, வார்த்தைகளில் பெரும் பகுதி டிக்ஸனுடையது. எழுதியவர்கள் என்று குழுவின் நாலு பேர் பெயர். டிக்ஸன் காணோம்.

அதே தட்டில் 'ப்ரிங் இட் ஆன் ஹோம்', டிக்ஸன் எழுதி ஸன்னி பாய் வில்லியம்ஸன் பாடிய பாட்டிலிருந்து வந்தது. 'த லெமன் ஸாங்', ஹவ்லின் உல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்' பாட்டிலிருந்து வந்தது. கில்லிங் ஃப்ளோர் என்றால் கறிக்கூடத்தில் மாடு அறுக்கும் தளம். தெற்கிலிருந்து வந்த கறுப்பர்களுக்கு சிகாகோவில் வேலை கிடைத்த இடங்களில் ஒன்று அது. தொழிலின் ரத்தவாடை அடிக்கிற தலைப்பு போய் எலுமிச்சம்பழப் பாட்டு என்று தலைப்பு வந்தது. தலைப்பு மாறினால் பாட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்ற தடயமும் அழியும்.

1972-இல் இந்த இரண்டு பாட்டுக்கும் வழக்கு வந்தது. போட்டவர் யார்? டிக்ஸன் இல்லை, உல்ஃப் இல்லை. பாட்டின் பதிப்புரிமை வைத்திருந்த ஆர்க் மியூசிக், செஸ் சகோதரர்களுக்குப் பங்குள்ள கம்பெனி. கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. ஆக, இங்கிலாந்துக்காரன் எடுத்தான் என்று கோபப்படுவதற்கு முன்னால், சிகாகோவிலேயே பாட்டு எழுதியவன் கையை விட்டுப் போயிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1977-இல் டிக்ஸனும் மடி வாட்டர்ஸும் அந்த ஆர்க் கம்பெனி மேலேயே வழக்குப் போட வேண்டி வந்தது, எங்கள் ராயல்டி எங்கே என்று.

'ஹோல் லாட்டா லவ்' அப்பாவின் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று டிக்ஸனிடம் சொன்னவர் அவர் மகள் ஷெர்லி. 1985-இல் வழக்கு, 1987-இல் சமரசம். இப்போது அந்தப் பாட்டில் டிக்ஸன் பெயரும் இருக்கிறது. பாட்டு வெளிவந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. 1992-இல் டிக்ஸன் காலமானார். குடும்பத்தில் ஒரு காது விழித்திருந்ததால் கிடைத்த நியாயம் அது.

5. 'எல்லாரும்தான் எடுத்தாங்க'

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் வரும். இசையில் யார்தான் கடன் வாங்கலை? ப்ளூஸ்காரங்களே ஒருத்தர் வரியை இன்னொருத்தர் எடுத்துத்தானே பாடினாங்க?

உண்மைதான். மடி வாட்டர்ஸின் 'ரோலிங் ஸ்டோன்', 'கேட்ஃபிஷ் ப்ளூஸ்' என்று அதற்கு முன்பே டெல்டாப் பகுதியில் பாடப்பட்ட பாட்டிலிருந்து வந்ததுதான். ஒப்பாரியில் ஒரு அம்மா எடுத்துவிட்ட வரியை இன்னொரு அம்மா வாங்கிக்கொள்வது போல. சுத்தமான, யாருக்கும் கடன்படாத இசை என்று ஒன்று கிடையாது. சுத்தம் என்ற சொல்லின் மேலேயே நமக்குச் சந்தேகம் இருக்க வேண்டும்.

ஆனால் கடன் வாங்கினவருக்கு அப்புறம் என்ன ஆனது? அதைப் பாருங்கள். சக் பெர்ரியின் முதல் பாட்டு 'மேபலீன்', 1955. அது 'ஐடா ரெட்' என்ற வெள்ளையர் நாட்டுப்பாடலைத் தழுவிப் பிறந்தது. கறுப்பர் ஒருவர் வெள்ளையரிடம் கடன் வாங்கியிருக்கிறார். தட்டு வெளிவந்தபோது எழுதியவர்கள் என்று பெர்ரியோடு இன்னும் இரண்டு பெயர் இருந்தது. ஒருவர் ஆலன் ஃப்ரீட், ரேடியோவில் தட்டுப் போடுகிறவர். இன்னொருவர் கம்பெனிக்கு வேண்டப்பட்ட வியாபாரி. இருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பெயர்கள் நீங்கி முழு உரிமையும் பெர்ரிக்கு வந்தது 1986-இல்.

1963-இல் வெள்ளைக் குழுவான பீச் பாய்ஸ் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' வெளியிட்டது. மெட்டு பெர்ரியின் 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்', 1958. எழுதியவர் என்று தட்டில் போட்டது பிரையன் வில்ஸன் பெயர். பெர்ரி அப்போது சிறையில் இருந்தார். உரிமை பிறகு பெர்ரியின் பதிப்பாளர் கைக்குப் போனது. அந்தப் பதிப்பாளரும் அதே ஆர்க் கம்பெனி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பர் கடன் வாங்கினால் அவர் எழுதினதே மூன்று பங்காகிறது. வெள்ளையர் கடன் வாங்கினால் மற்றவர் எழுதினதும் அவர் பேருக்கு வருகிறது. கடன் பொதுவானது. கணக்குப் புத்தகம் பொதுவானதில்லை.

சட்டமும் இதற்கு ஒத்தாசை. பதிப்புரிமை என்பது காகிதத்தில் எழுதக்கூடியதைக் காக்கும்: மெட்டு, வார்த்தை. மின்னி விரலால் நரம்பை இழுக்கும் விதம், உல்ஃப் தொண்டையைக் கரகரக்க வைக்கும் விதம், தாளத்தில் பின்தங்கி வந்து சேரும் விதம், இவற்றைக் காகிதத்தில் எழுத முடியாது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்கே மத்திய அரசின் பதிப்புரிமை 1972 பிப்ரவரி முதல்தான் வந்தது. ராக் குழுக்கள் அதிகம் எடுத்துக்கொண்டது எது? எழுத முடியாத அந்தப் பகுதியைத்தான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமூகத்தின் சொத்து எழுத்தில் இல்லாததாகத்தான் இருக்கும். எழுத்தை மட்டும் சொத்து என்று மதிக்கும் சட்டம் யாருக்குச் சாதகம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

6. மரியாதை வேற, பங்கு வேற

1965 மே மாதம் 'ஷின்டிக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ரோலிங் ஸ்டோன்ஸை அழைத்தார்கள். ஹவ்லின் உல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. உல்ஃப் பாடினார். அவர் காலடியில் அந்தப் பையன்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நல்ல காட்சி. அமெரிக்க வெள்ளை இளைஞர்களுக்குத் தங்கள் நாட்டுக் கலைஞரையே இங்கிலாந்துக்காரர்கள் வந்து காட்ட வேண்டியிருந்தது.

பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் விபத்தில் இறந்தார். அவர் கல்லறைக்கும் 1970 வரை கல் இல்லை. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்ளின். இன்னொருவர் சின்ன வயசில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவானிட்டா கிரீன் என்ற கறுப்பினப் பெண்மணி. செய்திகளில் முன்னால் நிற்பது எந்தப் பெயர் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்த மரியாதைகளை நான் கேலி செய்யவில்லை. ஆனால் மரியாதை கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எரிக் கிளாப்டன் மொத்த வாழ்க்கையையும் ப்ளூஸில் கட்டியவர். 1974-இல் ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் நின்று, குடியேறிய கறுப்பர்களையும் ஆசியர்களையும் நாட்டைவிட்டு அனுப்பச் சொல்லி, இனவாத அரசியல்வாதி ஈனக் பவலுக்கு ஆதரவாகப் பேசினார். பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கு எழுந்த கோபத்தில் பிறந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' இயக்கம். பாட்டு வேணும், பாடின சனம் வேணாம் என்ற மனசு ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பறைச் சத்தம் இல்லாமல் சாவு எடுக்காத, பறை அடித்தவரைத் திண்ணையில் உட்கார விடாத ஊர்களில் வளர்ந்த நமக்கு இந்த மனசு அறிமுகமானதுதான்.

7. பெயரை எழுதுவது

1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் மற்றத் தோழர்களும் தங்கள் இயக்கத்துக்கு தலித் பாந்தர் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடம் வாங்கிய பெயர். வாங்கினோம் என்று சொல்லியே வாங்கினார்கள். கடன் வாங்குவதில் இப்படியும் ஒரு வழி உண்டு.

ராபர்ட் ஜான்ஸன் 1938-இல் இருபத்தேழு வயசில் இறந்தவர். ஸ்டோன்ஸும் க்ரீமும் எடுத்த பாட்டுகளைப் பாடியவர். அவர் சொத்துக்கு வாரிசு யார் என்ற வழக்கு மிஸிஸிப்பி உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-இல் முடிந்தது. வென்றவர் ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்த மகன். வயது அறுபதுக்கு மேல். செஸ் கம்பெனி இருந்த அந்த மிச்சிகன் அவென்யூ கட்டடத்தை 1993-இல் டிக்ஸனின் மனைவி மரீ வாங்கினார். இன்று அது டிக்ஸன் தொடங்கிய 'ப்ளூஸ் ஹெவன்' அறக்கட்டளையின் இடம். வயசான கலைஞர்கள் தங்கள் ராயல்டியைக் கேட்டு வாங்க உதவ வேண்டும் என்பது அந்த அறக்கட்டளையின் நோக்கங்களில் ஒன்று. மேபலீன், ஹோல் லாட்டா லவ், ஜான்ஸனின் வாரிசுரிமை, எதுவும் யாருடைய நன்றியுணர்ச்சியாலும் வந்ததில்லை. கேட்டு, எழுதி, வழக்காடி வாங்கினது.

இங்கே சேரிகளில் பாட்டுச் சேகரிக்கப் போகும் மாணவர்களும் தோழர்களும் இதைப் படிப்பீர்கள். பதிவுக் கருவியைத் திறக்கும் முன் நோட்டை எடுங்கள். பாடின அம்மாவின் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்ற விவரம், எல்லாம் முதல் பக்கத்தில் வரட்டும். 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். அப்படிப் பெயரில்லாமல் வைத்தது நாளைக்கு யார் பேருக்கு வேண்டுமானாலும் மாறும். மின்னியின் கல்லுக்கு இருபத்து மூணு வருஷம் ஆனது. நோட்டில் ஒரு பெயர் எழுத ஒரு நிமிஷம் போதும்.